போக்கெழுதினால் பாக்கியை விட்டுக்கொடுத்ததாகிவிடுமா?

கேள்வி: நானும் என் அண்ணனும் சேர்ந்து ஒரு மொத்த விற்பனை நிறுவனம் நடத்துகிறோம். 30 நாள் கடனில் சரக்கு கொடுக்கிறோம். நிதியாண்டு முடிந்துவிட்டது, இன்னும் மூன்று வாரத்தில் கணக்கை இறுதி செய்ய வேண்டும். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டியது மொத்தம் 12,00,000. அதில் 3,00,000 ஒரே வாடிக்கையாளருடையது. 14 மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரே ஒருமுறை 20,000 கொடுத்தார். போன் செய்தால் எடுக்கிறார், 'அடுத்த மாதம்' என்கிறார். மொத்தத்தையும் இனி வராது என்று கணக்கிலிருந்து நீக்கி, இந்த ஆண்டே போக்கெழுதிவிடலாம் என்கிறார் எங்கள் கணக்கர். 'எழுதிவிட்டால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும், அவர் தரமாட்டேன் என்று சொல்லவில்லையே' என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது? மற்றவர்களின் பாக்கிக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா? போக்கெழுதிய பிறகு அவர் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது?

பதில்:

உங்கள் அண்ணனின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். தணிக்கைக்குப் போகும் இடங்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பயத்தைத்தான். உழைத்து விற்ற சரக்கின் பணத்தை 'வராது' என்று தன் கையாலேயே எழுதுவது மனதுக்குக் கஷ்டம். ஆனால் பேரேட்டில் நீங்கள் எழுதுவது உங்களுக்காக எழுதிக்கொள்வது. அந்த வாடிக்கையாளர் அதைப் பார்க்கப் போவதில்லை, அது அவரைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. நீங்கள் ஒதுக்கு வைத்தாலும் (வராது என்று நினைக்கும் தொகையைக் கழித்துக் காட்டுவது), முழுவதையும் போக்கெழுதினாலும், அவர் தர வேண்டிய 3,00,000 அவர் தலையில் அப்படியே இருக்கிறது. பில்லும் சரக்கு பெற்றுக்கொண்ட கையெழுத்தும் செல்லாமல் போய்விடாது. கடனை விட்டுக்கொடுப்பது என்றால், 'இனி நீங்கள் தர வேண்டாம்' என்று அவருக்கே சொல்வது, அல்லது குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுப்பது. அது வேறு செயல். இரண்டும் வேறு என்பதற்கு நல்ல அத்தாட்சி ஒன்று உண்டு: ஒரு நிறுவனம் இந்த ஆண்டு போக்கெழுதிவிட்டு, ஆனால் வசூல் நடவடிக்கையை இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கும் தொகை எவ்வளவு என்று குறிப்பில் தனியாகச் சொல்ல வேண்டும் எனச் சர்வதேச நிதி அறிக்கைத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 7 கேட்கிறது. போக்கெழுதினால் உரிமை போய்விடும் என்றால் இப்படி ஒரு விதிக்கு வேலையே இல்லை.

சரி, 'தரமாட்டேன் என்று சொல்லவில்லையே' என்ற வாதத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் உலகமே ஏறக்குறைய இந்த வாதத்தில்தான் நின்றது. ஐஏஎஸ் 39 என்ற பழைய தரத்தின்படி, இழப்பு நேர்ந்துவிட்டது என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஆதாரம் வந்த பிறகுதான் அதைக் கணக்கில் ஏற்றலாம். 2008 நிதி நெருக்கடியில் அதன் பலவீனம் வெளிப்பட்டது. திரும்பி வராது என்று பலருக்கும் தோன்றிய கடன்கள்கூட முழு மதிப்பில் இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்திருந்தன. இழப்பு மிகக் குறைவாக, மிகத் தாமதமாகக் காட்டப்பட்டது. அதன் பிறகுதான் ஐஎஃப்ஆர்எஸ் 9 வந்தது. 2014 ஜூலையில் முழு வடிவில் வெளியாகி, 2018 ஜனவரி 1 முதல் தொடங்கிய ஆண்டுகளுக்கு நடைமுறையானது. அது வைத்த கேள்வி வேறு: இழப்பு நடந்துவிட்டதா என்று பார்க்காதே, எவ்வளவு இழப்பு வரும் என்று எதிர்பார்க்கிறாய், அதை இன்றே சொல். உங்கள் நிறுவனம் எந்தத் தரத்தின் கீழ் வருகிறது என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நிறுவனத்தின் அளவையும் பொறுத்தது. ஆனால் 14 மாதம் இழுத்த ஒரு பாக்கியை முழு மதிப்பில் வைத்திருக்க பழைய விதியும் இடம் தராது. கெடு தாண்டுவதும், சொன்ன தேதியைத் திரும்பத் திரும்பத் தவறுவதுமே ஆதாரம்தான்.

அப்படியானால் கணக்கர் சொல்வதுபோல் மொத்தத்தையும் போக்கெழுதிவிடலாமா? வேண்டாம், இன்னும் நேரம் வரவில்லை. போக்கெழுதுவது, வசூலாகும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் எதுவும் மிச்சமில்லாதபோது செய்வது: திவால் நடவடிக்கை முடிந்து கடன் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, ஆள் எங்கே போனார் என்றே தெரியவில்லை, வழக்குச் செலவு பாக்கியையே தாண்டும், இப்படி. உங்கள் ஆள் போனை எடுக்கிறார், ஒருமுறையாவது கொடுத்திருக்கிறார். இது ஐயக்கடன், இன்னும் வாராக்கடன் ஆகவில்லை. ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைக்க வேண்டும். ஒதுக்கு என்றால் பெட்டியில் பணம் எடுத்து வைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு காசும் நகராது. வர வேண்டிய தொகையிலிருந்து 'இவ்வளவு வராது என்று நினைக்கிறோம்' என்று கழித்துக் காட்டும் ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

தொகையைக் கணக்கிடும் முன் ஒரு விஷயத்தை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவர் ஏன் கொடுக்கவில்லை? கையில் பணம் இல்லாமலா, அல்லது சரக்கில் குறை இருக்கிறது, அளவு குறைந்தது, பேசிய விலை வேறு என்ற மனத்தாங்கலாலா? இரண்டாவது என்றால் அது வாராக்கடனே அல்ல. சரக்கு திருப்பம் அல்லது விலைக் குறைப்பு. வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) கொடுத்து விற்பனையையே குறைக்க வேண்டிய விஷயம். மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது, அது இன்னும் கசப்பானது: விற்கும் நாளிலேயே இவர் தருவாரா என்பது சந்தேகமாக இருந்ததா? வாங்குபவர் பணம் தருவதற்கான வாய்ப்பே அதிகம் என்று சொல்ல முடியாத நிலையில் கொடுத்த சரக்கை, விற்பனை வருவாய்க்கான தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 பொதுவாக அந்த நாளில் விற்பனையாகவே ஏற்பதில்லை. பழைய பாக்கி நிற்கும்போதே மறுபடி மறுபடி சரக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பில்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

காரணம் பணத் தட்டுப்பாடுதான் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது மதிப்பீடு. இங்கே பலர் செய்யும் தவறு, 'வரும்' அல்லது 'வராது' என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அப்படி வேண்டாம். நடக்கக்கூடியவற்றை எல்லாம் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று எடை போடுங்கள். நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து பேசி, பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு முழுத் தொகையும் வரும், பத்தில் மூன்று பங்கு பாதி வரும், பத்தில் ஆறு பங்கு ஒன்றும் வராது என்ற முடிவுக்கு வருகிறீர்கள் என்று வைப்போம். முழுத் தொகைக்கு 30,000, பாதித் தொகைக்கு 45,000, மூன்றாவதற்குச் சுழியம். ஆக எதிர்பார்க்கும் வசூல் 75,000, ஒதுக்கு 2,25,000. பிணையோ உத்தரவாதமோ கடன் காப்பீடோ இருந்தால் அதிலிருந்து வரக்கூடியதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அண்ணனின் நம்பிக்கைக்கும் கணக்கரின் அவநம்பிக்கைக்கும் இதில் இடம் இருக்கிறது. அதனால்தான் இந்த முறையைச் சொல்கிறேன். ஆனால் எடைகளுக்குக் காரணம் எழுதி வையுங்கள்: எந்தத் தேதியில் என்ன சொன்னார், என்ன கொடுத்தார், அவர் தொழில் எப்படிப் போகிறது. தணிக்கையாளர் கேட்கும்போது 'எங்களுக்கு அப்படித் தோன்றியது' என்பது பதிலாகாது.

மீதி 9,00,000க்கும் கட்டாயம் ஒதுக்கு வைக்க வேண்டும். இன்று ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களிலும் சிலர் கொடுக்காமல் போவார்கள். யார் என்று இப்போது தெரியாது, ஆனால் மொத்தத்தில் எவ்வளவு என்பதை உங்கள் பழைய பேரேடே சொல்லும். வாடிக்கையாளர் வாரியாக அல்லாமல் கெடு தாண்டிய நாள் வாரியாகப் பாக்கியைப் பிரித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் ஏஜிங் பட்டியல் என்கிறார்கள். தனியாக மதிப்பிட்ட அந்த 3,00,000 இந்தப் பட்டியலில் வரக் கூடாது. வந்தால் ஒரே இழப்பை இரண்டு முறை எடுத்ததாகிவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு சதவீதம்? இதைத்தான் பெரும்பாலானவர்கள் எங்கிருந்தோ எடுத்து வைக்கிறார்கள். 'பொதுவாக 5 சதவீதம் வைப்பார்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்தே வர வேண்டும். முழுவதும் தீர்ந்துபோன ஒரு பழைய ஆண்டை எடுங்கள். அந்த ஆண்டின் கடன் விற்பனை 50,00,000 என்றும், அதில் கடைசிவரை வராமல் போனது 50,000 என்றும் வைப்போம். அந்த விற்பனையில் கெடு தாண்டியது 12,50,000. தாண்டி 30 நாளுக்குப் பிறகும் நின்றது 5,00,000. 60 நாளுக்குப் பிறகு 2,50,000. 90 நாளுக்குப் பிறகு 1,00,000. வராமல் போன 50,000 இந்த எல்லாக் கட்டங்களையும் கடந்துதான் வந்திருக்கிறது. ஆகவே அதை ஒவ்வொரு கட்டத்துத் தொகையாலும் வகுத்தால், கெடு வராததற்கு 1 சதவீதம், பிறகு வரிசையாக 4, 10, 20, 50 சதவீதம் கிடைக்கும். இப்படி மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பார்த்துச் சராசரி எடுத்தால் இன்னும் நம்பகமாக இருக்கும்.

இந்தச் சதவீதங்களை உங்கள் 9,00,000 மேல் வைத்துப் பார்ப்போம். பிரிவு என் அனுமானம். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கெடு வராதது: 5,00,000 × 1% = 5,000
1 முதல் 30 நாள் தாண்டியது: 2,00,000 × 4% = 8,000
31 முதல் 60 நாள்: 1,00,000 × 10% = 10,000
61 முதல் 90 நாள்: 60,000 × 20% = 12,000
90 நாளுக்கு மேல்: 40,000 × 50% = 20,000

மொத்தம் 55,000. ஆனால் இது கடந்த காலம் சொல்லும் எண். உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் ஒரே தொழிலில் இருந்து, அந்தத் தொழில் இப்போது படுத்திருந்தால் சதவீதத்தை உயர்த்த வேண்டும். நிலைமை தேறியிருந்தால் குறைக்கலாம். காரணத்தை மட்டும் எழுதி வையுங்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய சாதாரண வணிகப் பாக்கிக்கு இப்படி ஓர் அட்டவணை போட்டு மதிப்பிடுவதை ஐஎஃப்ஆர்எஸ் 9 வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. வங்கிகள் போடும் சிக்கலான கணக்கெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை.

ஆக மொத்த ஒதுக்கு 2,25,000 + 55,000 = 2,80,000. குறிப்பேட்டில் இப்படி எழுத வேண்டும் (க/கு என்றால் கணக்கு):

வாராக்கடன் செலவு க/கு பற்று 2,80,000
வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு வரவு 2,80,000

முதல் வரி இலாப நட்டக் கணக்குக்குப் போகும். இரண்டாவது, இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் 12,00,000லிருந்து கழிந்து 9,20,000 என்று காட்டும். விற்பனைக் கணக்கைத் தொடாதீர்கள்; நீங்கள் விற்றது விற்றதுதான், வசூலாகாதது ஒரு செலவு. வாடிக்கையாளரின் தனிக் கணக்கையும் தொடாதீர்கள். அங்கே 3,00,000 முழுவதும் நிற்கட்டும். அண்ணனுக்கு அதைக் காட்டுங்கள். அவர் கேட்பதும் அதைத்தான்.

அடுத்த ஆண்டு என்ன ஆகும்? அவர் 40,000 கொடுத்துவிட்டுத் தொழிலையே மூடிவிடுகிறார், இனி வசூலிக்க வழியில்லை என்று வைப்போம். அப்போது மீதி 2,60,000ஐப் போக்கெழுதுங்கள்:

வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு பற்று 2,60,000
வாடிக்கையாளர் க/கு வரவு 2,60,000

அன்றைக்கு லாபத்தில் ஒன்றும் குறையாது. அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது, அதுவும் விழ வேண்டிய ஆண்டிலேயே. ஒதுக்கில் 20,000 மிச்சம் இருக்கும். அந்த ஆண்டு முடிவில் புதிய பட்டியல்படி 60,000 ஒதுக்கு தேவை என்றால், செலவாக எழுத வேண்டியது 40,000 மட்டும். முழு 60,000த்தையும் மறுபடி செலவில் ஏற்றுவது நான் அடிக்கடி திருத்தும் பிழை. தேவையை விட மிச்சம் அதிகமாக இருந்தால், அதிகப்படியை இலாப நட்டக் கணக்குக்கே திருப்ப வேண்டும். நல்ல ஆண்டில் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கி வைத்துக்கொண்டு மோசமான ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்க முன்ஜாக்கிரதை மாதிரி இருக்கும். ஆனால் அது இரண்டு ஆண்டுகளையும் பொய்யாக்குகிறது. உங்கள் வியாபாரம் சரிகிறது என்பதை நீங்களே தாமதமாகத்தான் தெரிந்துகொள்வீர்கள்.

போக்கெழுதிய பிறகு பணம் வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கம் பற்று, 'போக்கெழுதிய வாராக்கடன் வசூல்' வரவு. அது அந்த ஆண்டின் வருமானம். வாடிக்கையாளரின் கணக்கில் நேரே வரவு வைத்தால், பாக்கியே இல்லாத கணக்கில் நீங்கள் அவருக்குத் தர வேண்டியதாகக் காட்டும். அவருடன் மறுபடி வியாபாரம் செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் போக்கெழுதியதைத் திருப்பி எழுதிப் பாக்கியை அவர் கணக்கில் உயிர்ப்பித்து, அப்புறம் வசூலைப் பதியுங்கள். அவர் எப்படிக் கொடுத்தார் என்ற வரலாறு ஒரே இடத்தில் நிற்கும். அடுத்தமுறை கடன் கொடுப்பதா என்று யோசிக்கும்போது உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வசூலுக்குப் போகிறவரும் போக்கெழுத ஒப்புதல் தருகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பேரேட்டில் 'வராது' என்று எழுதிவிட்டால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் இதை நேரில் பார்த்தேன். வாராக்கடன் என்று எழுதப்பட்ட ஒரு வாடிக்கையாளரைத் தற்செயலாகத் தொடர்புகொண்டபோது, பணம் கொடுத்த ரசீதை எடுத்துக் காட்டினார். பல ஆண்டுகள் நம்பியிருந்த ஊழியர். முதலாளி அன்று பட்ட வேதனை பணத்துக்காக மட்டும் அல்ல. சிறிய நிறுவனத்தில் வேலையைப் பிரிக்க ஆள் இல்லை என்பீர்கள். உங்களிடம் இருவர் இருக்கிறீர்கள். ஒவ்வொரு போக்கெழுதலிலும் நீங்களும் அண்ணனும் கையெழுத்துப் போடுங்கள். போதும்.

வரி விஷயம் தனி. பல நாடுகளில் வரி அதிகாரிகள் மதிப்பீட்டு ஒதுக்கைக் கழிவாக ஏற்பதில்லை. உண்மையில் போக்கெழுதியதைத்தான், அதுவும் சில நிபந்தனைகளோடு ஏற்கிறார்கள். அதனால் கணக்கில் காட்டும் லாபமும் வரிக்கான லாபமும் வேறாக இருக்கும். அதில் தப்பில்லை. உங்கள் கணக்கர் முழுவதையும் போக்கெழுதச் சொன்னதற்கு இந்தக் கழிவு காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். விற்பனை மீது கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வாய்ப்பும் சில இடங்களில் உண்டு. உங்கள் நாட்டு விதி தெரிந்த வரி ஆலோசகரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

தணிக்கையாளரிடம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. 14 மாதம் என்றால், போன ஆண்டுக் கணக்கை முடித்தபோதே இந்தப் பாக்கி நின்றிருக்கிறது. அவர் தடுமாறுகிறார் என்று அப்போதே தெரிந்திருந்தும் ஒதுக்கு வைக்காமல் விட்டிருந்தால் அது மதிப்பீட்டு மாற்றம் அல்ல, பிழை. தொகை பெரியது என்றால் போன ஆண்டின் எண்களையே திருத்திக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது தெரியவில்லை, பிறகுதான் நிலைமை மோசமானது என்றால் முழுவதும் இந்த ஆண்டில் வரும். எதை எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றீர்கள். அதை வீணாக்காதீர்கள். ஆண்டு முடிந்த பிறகு, கணக்கை இறுதி செய்வதற்கு முன் தெரியவருவதும் கணக்கில் எடுக்க வேண்டியதே. இந்த மூன்று வாரத்துக்குள் அவர் திவாலானால், ஆண்டு முடிவிலேயே அந்தக் கடன் கெட்டிருந்தது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே சான்றாகும். எனவே நாளைக்கே அவரிடம் போங்கள், போன் வேண்டாம். பாக்கித் தொகையை எழுதிய ஓர் இருப்பு உறுதிக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேளுங்கள். பணம் கேட்டால் நழுவுகிறவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வழக்குப் போடக் காலவரம்பு பெரும்பாலான நாட்டுச் சட்டங்களில் உண்டு. கடனை எழுத்தில் ஒப்புக்கொள்வதும் ஒரு பகுதி கட்டுவதும் பல நாடுகளில் அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். அவர் கொடுத்த 20,000க்கான ரசீதைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். கையெழுத்துப் போட்டுத் தவணையும் பேசினார் என்றால் முழுத் தொகைக்கான எடையைக் கொஞ்சம் ஏற்றலாம், ஒதுக்கு குறையும். கையெழுத்துக்கே மறுத்தார் என்றால், 2,25,000 போதாது.